மாமாவின் மீத்தேன் கணக்கு

"உன் தொட்டியில இருந்து வர்ற வாயுவ எவன் பிடிக்கிறான்?"

மாமா ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். நான் வைத்திருக்கும் உரத்தொட்டியின் மூடியைத் திறந்து, ஒரு குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி இது. பாராட்டு வரும் என்று அவரைத் தெரிந்த யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனாலும் அடி இந்தப் பக்கத்திலிருந்து விழும் என்று நான் நினைக்கவில்லை. அவர் வாதம் எளிமையானது. ஒரு பெரிய குப்பைக் கிடங்கை ஒழுங்காக அமைத்தால், அடியில் நீர் இறங்காத தாள் விரித்து, மேலே மண் மூடி, நடுவில் குழாய்களை இறக்கி, குப்பை அழுகும்போது வரும் மீத்தேன் என்ற எரிவாயுவை உறிஞ்சி மின்சாரம் எடுக்கலாம். ஆயிரம் வீட்டில் ஆயிரம் தொட்டி வைத்தால் அதே வாயு ஆயிரம் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலக்கும், பிடிக்க ஆளில்லை. "சின்னதா செஞ்சா எல்லாம் நல்லதுன்னு யாரும்மா உனக்குச் சொன்னது?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

மண் வளம், லாரிச் செலவு, துர்நாற்றம் என்று சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. எதுவும் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்பதுதான் உறுத்தியது. அவர் கேட்டது எண். வீட்டுக் குப்பையைப் பற்றி நாம் பேசும்போது எண்ணே வருவதில்லை. உரமாக்குவது புண்ணியம், எரிப்பது பாவம், புதைப்பது மகாபாவம் என்கிற வரிசை மனதில் எங்கோ பதிந்துவிட்டது. குறை, மறுபடி பயன்படுத்து, மறுசுழற்சி செய், எரித்து ஆற்றல் எடு, கடைசியில் புதை என்று போகும் அந்த ஏணியை 1979இல் நெதர்லாந்தின் நாடாளுமன்றத்தில் முன்வைத்தவர் ஆட் லான்சிங்க் என்ற உறுப்பினர். 2008இல் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்குள்ளும் போய் உட்கார்ந்தது. ஏணி தப்பில்லை. ஆனால் அது முறைகளை வரிசைப்படுத்துகிறதே தவிர, எந்தப் பொருளை ஏற்றுகிறோம் என்று கேட்பதில்லை. மாமாவுக்குப் பதில் தேடப் போய் எனக்குப் பிடிபட்டது இந்த ஓட்டைதான்.

ஒரு டன் ஈரக்குப்பை

நாடுகள் தங்கள் குப்பையின் உமிழ்வைக் கணக்கிட, காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி 2006இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. படிக்கச் சலிப்பான ஆவணம்தான், ஆனால் அதில் நேரடியான ஒரு பெருக்கல் கணக்கு இருக்கிறது. உணவுக் கழிவின் ஈர எடையில் 15 சதவீதம் மட்கக்கூடிய கார்பன். ஆழமான கிடங்கில் புதைத்தால் அதில் பாதிதான் உண்மையில் சிதையும். சிதைவதில் பாதி மீத்தேனாகும், மற்ற பாதி கரியமில வாயுவாகும். கார்பன் எடையை மீத்தேன் எடையாக மாற்ற 16ஐ 12ஆல் வகுத்துப் பெருக்க வேண்டும். எல்லாம் முடிந்தால் ஒரு டன் ஈரக்குப்பைக்கு 50 கிலோ மீத்தேன். அதே வழிகாட்டி, உரமாக்கும்போது வரும் மீத்தேனுக்குத் தரும் இயல்பு மதிப்பு டன்னுக்கு 4 கிலோ. கூடவே கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நைட்ரஸ் ஆக்சைடும் வரும்.

மாமா சொன்னதில் ஒரு பாதி இங்கேயே உறுதியாகிறது. உரத்தொட்டி சுத்தமானது அல்ல. நைட்ரஸ் ஆக்சைடு எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் 27 மடங்கு. இரண்டையும் சேர்த்தால் ஒரு டன் ஈரக்குப்பையை உரமாக்குவது ஏறத்தாழ 175 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். உரமாகும்போது நேரடியாக வரும் கரியமில வாயுவை இதில் சேர்ப்பதில்லை. செடி காற்றிலிருந்து எடுத்ததைத்தான் அது திருப்பிக் கொடுக்கிறது. புதைத்தால்? 50 பெருக்கல் 27, அதாவது 1,350 கிலோ. கிட்டத்தட்ட எட்டு மடங்கு.

தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். பரீட்சைத் தாள் திருத்தும் பழக்கம் போகவில்லை, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி வேறு போட்டார். "நான் குழாய் போட்ட கிடங்கைப் பத்திப் பேசுறேன். நீ குழாய் போடாத கிடங்குக்குக் கணக்கு எழுதிட்டு வந்திருக்க. பிடிச்சதக் கழி. பிடிச்சதுல எடுத்த கரண்டையும் கழி."

நியாயமான ஆட்சேபம். அங்கேயே உட்கார்ந்து கழித்தோம். முக்கால்வாசி வாயுவைப் பிடித்துவிட்டதாக வைத்துக்கொண்டால் தப்பிப்போவது 12.5 கிலோ மீத்தேன். அதன் சுமை 340 கிலோ கரியமில வாயு. பிடித்த 37.5 கிலோவை இயந்திரத்தில் எரித்தால் சுமார் 180 யூனிட் மின்சாரம் கிடைக்கும். அது நிலக்கரி மின்சாரத்துக்குப் பதிலாகப் போகிறது என்று கொண்டால் இன்னும் 150 கிலோவுக்கு மேல் கழிக்கலாம். மிச்சம் 190 கிலோ அளவில் நிற்கிறது. என் தொட்டி 175. எட்டு மடங்கு என்று நான் கொண்டுபோன வித்தியாசம் அந்தத் தாளிலேயே கரைந்து, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. மாமா எதுவும் சொல்லவில்லை. பேனாவை மட்டும் மூடி வைத்தார். அவர் வெற்றியைக் கொண்டாடும் முறை அது.

நேரம்தான் பிடிபடவில்லை

அந்த முக்கால்வாசி என்ற எண்ணிலேயே என் மனம் நின்றுவிட்டது. பிடிக்கும் குழாய் எப்போது வருகிறது? கிடங்கில் ஒரு பகுதியை நிரப்புவார்கள், நிரப்பிக்கொண்டே உயர்த்துவார்கள், அது ஓரளவு நிரம்பிய பிறகே கிணறு தோண்டிக் குழாய் இறக்குவார்கள். இதற்குச் சில ஆண்டுகள் ஆகும். ஆனால் உணவுக் கழிவு அதுவரை காத்திருக்காது. வெப்பமும் மழையும் உள்ள இடங்களில் அது சிதையும் வேகத்தை அதே வழிகாட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால், இரண்டு ஆண்டுக்குள் பாதி போய்விடுகிறது. குழாய் வந்து சேரும்போது வாயுவில் பெரும்பகுதி கிளம்பிப் போயிருக்கும். மரக்கட்டையும் காகிதமும் மெதுவாகச் சிதைவதால் குழாயில் பிடிபடுவது பெரும்பாலும் அவற்றின் வாயு.

இது வெறும் தர்க்கம் இல்லை. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அங்குள்ள கிடங்குகளில் புதையும் உணவுக் கழிவிலிருந்து உண்டாகும் மீத்தேனில் 61 சதவீதம் பிடிபடாமல் காற்றுக்குப் போகிறது. நகரக் குப்பைக் கிடங்குகளிலிருந்து கசியும் மொத்த மீத்தேனில் 58 சதவீதம் உணவுக் கழிவினுடையது. இத்தனைக்கும் அங்கே குழாய், சட்டம், கண்காணிப்பு எல்லாம் இருக்கிறது. 61 சதவீதம் என்று போட்டால் நம் கணக்கில் 820 கிலோ வருகிறது. மின்சாரத்துக்குக் கழித்தாலும் 700க்கு மேல்.

இன்னொன்றும் இருக்கிறது. மீத்தேன் காற்றில் பன்னிரண்டு ஆண்டு அளவுதான் தங்கும். அந்தக் குறுகிய காலத்தில்தான் தன் வேலையைக் காட்டும். நூறாண்டில் பரப்பிப் பார்த்தால் 27 மடங்கு என்று சாதுவாகத் தெரிவது, இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு. அந்த அளவுகோலில் குழாயில்லாத கிடங்கு டன்னுக்கு 4,000 கிலோ, தொட்டி 400 கிலோகூட இல்லை. எந்த அளவுகோல் சரி என்று கேட்டால், எனக்கும் இப்போது வாழ்கிற எல்லோருக்கும் வரப்போகும் இருபது ஆண்டு முக்கியம் என்பேன். மாமா நூறுதான் முறை என்கிறார். இதில் நாங்கள் ஒத்துப்போகவில்லை, போகப்போவதும் இல்லை.

தொட்டிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அந்த 4 கிலோ என்பது காற்று உள்ளே போகும் தொட்டிக்கு. ஈரத்தை மட்டும் கொட்டி, காய்ந்த இலையோ மரத்தூளோ போடாமல், கிளறாமல் மூடி வைத்தால் அது ஒரு குட்டிக் கிடங்குதான். கார்பனும் நைட்ரஜனும் முப்பதுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டி இருந்து, பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் ஈரமும் இருந்தால் குவியல் தானாகச் சூடேறும். 55 டிகிரியில் சில நாள் நின்றாலே நோய்க்கிருமிகள் அடங்கிவிடும். அழுகிய முட்டை வாசம் வந்தால் காற்று போகவில்லை என்று பொருள். மாமா குச்சியால் கிளறியது உண்மையில் அதற்கு நல்லதுதான்.

லாரி டீசலைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கரியமில வாயு. ஐந்து டன் ஏற்றிய லாரி போய்வர பதினைந்து லிட்டர் குடித்தாலும் டன்னுக்கு எட்டு கிலோதான். தெருத்தெருவாக நின்று நின்று போவதால் இரண்டு மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டாலும், 1,350க்கு முன்னால் அது ஒன்றுமில்லை. குப்பை எவ்வளவு தூரம் போகிறது என்பதைவிட, போய்ச் சேர்ந்த இடத்தில் அதற்கு என்ன ஆகிறது என்பதுதான் விஷயம்.

பிளாஸ்டிக்கில் எல்லாம் தலைகீழ்

ஈரக்குப்பையில் கிடங்கு தோற்றது என்று நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அதே கணக்கைப் பிளாஸ்டிக் பைக்குப் போட்டுப் பார்க்கும் ஆசை வந்தது. பாலித்தீன் பெரும்பாலும் கார்பன்தான். ஒரு கிலோவை எரித்தால் 3.14 கிலோ கரியமில வாயு. இது செடி காற்றிலிருந்து எடுத்த கார்பன் இல்லை, பூமிக்கடியிலிருந்து வந்த எண்ணெயின் கார்பன். அதனால் முழுசாகச் சுமையில் சேரும். எரிஉலையில் ஆற்றல் எடுக்கிறார்களே என்றால், அந்த ஒரு கிலோவின் 43 மெகாஜூலில் கால்வாசியை மின்சாரமாக மாற்றினால் மூன்று யூனிட் கிடைக்கும். யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் கரியமில வாயு. நிலக்கரி மின்சாரத்துக்கு இது எந்த விதத்திலும் மேலில்லை. குளிர் நாடுகளில் மிச்ச வெப்பத்தைக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பிக் கதகதப்பாக்குவதால் இந்தக் கணக்கு அங்கே கொஞ்சம் நிமிரும். வெப்பம் வேண்டாத இடத்தில் நிமிராது.

அதே பையை நல்ல கிடங்கில் புதைத்தால் மீத்தேனும் வராது, கரியமில வாயுவும் வராது. பூமியிலிருந்து வந்த கார்பன் பூமிக்குள்ளேயே கிடக்கும். காலநிலையை மட்டும் பார்த்தால், பிளாஸ்டிக்கை எரிப்பதைவிடப் புதைப்பது மேல். இதை எழுதும்போதே எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கு அதுதான். ஈரக்குப்பைக்குக் கிடங்கு ஆகாது, பிளாஸ்டிக்குக் கிடங்கு பரவாயில்லை. உலைக்கும் இதே முரண்தான். ஈரக்குப்பையில் முக்கால்வாசி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகிவிடும். வேறு எரிபொருள் ஊற்றாமல் உலை எரிய கிலோவுக்கு 6 முதல் 7 மெகாஜூல் வேண்டும், ஈரக்குப்பை 3ஐத் தொடவே திணறும். ஆகவே உலையை எரிய வைப்பது பிளாஸ்டிக்கும் காகிதமும்தான். பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுத்தால் உலை அணையும், பிரிக்காவிட்டால் காலநிலைக்குக் கேடு. டென்மார்க் இந்தச் சிக்கலில்தான் மாட்டியது. கூரைமேல் பனிச்சறுக்குத் தளம் வைத்த உலையைத் தலைநகரில் கட்டிய அந்த நாடு, 2020இல் நாட்டின் மொத்த எரிப்புத் திறனில் 30 சதவீதத்தைக் குறைப்பது என்று முடிவெடுத்தது.

"நல்ல கிடங்கு" என்று நான் சொன்னதில் நிறைய பதுங்கியிருக்கிறது. திறந்த மேட்டில் பிளாஸ்டிக் அமைதியாகக் கிடப்பதில்லை. காற்றில் பறக்கும், மழையில் ஆற்றுக்குப் போகும், கீழே உருவாகும் மீத்தேனில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகையும். மேடு சரிந்தும் விழும். 2017 ஏப்ரலில் இலங்கையின் மீத்தொட்டமுல்லையில் குப்பைமேடு வீடுகள் மேல் சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் இன்னொரு மேடு சரிந்து நூறு பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். கார்பன் கணக்கு எழுதும் தாளில் இதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. உலக வங்கி 2018இல் தந்த மதிப்பீட்டின்படி, உலகின் நகரக் குப்பையில் மூன்றில் ஒரு பங்கு இப்படித் திறந்த வெளியில்தான் கொட்டப்படுகிறது.

மறுசுழற்சியை வேகமாகத் தாண்டிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பொருளைச் சொன்னாலே விடை கிடைத்துவிடுகிறது. அலுமினியத்தில் விவாதமே இல்லை: புதிதாக எடுக்கும் ஆற்றலில் 95 சதவீதம் மிச்சம். கண்ணாடியில் லாபம் சுமாரானது. பிளாஸ்டிக்கின் சரித்திரம் சோகமானது. 2015 வரை உலகில் குப்பையான பிளாஸ்டிக் மொத்தத்தில் மறுசுழற்சியானது 9 சதவீதம்தான் என்று 2017இல் வெளியான ஆய்வு சொன்னது. காகிதம் எனக்கு வியப்பளித்தது. ஐ.பி.சி.சி பெருக்கலில் காகிதத்தைப் போட்டால் டன்னுக்கு 130 கிலோவுக்கு மேல் மீத்தேன், ஈரக்குப்பையைவிட இரண்டரை மடங்கு. மெதுவாக வரும், அவ்வளவுதான். அதுவும் கிடங்கில் ஈரம் இருந்தால்தான். அரிசோனா பல்கலைக்கழகத்தில் 1973இல் குப்பை ஆய்வைத் தொடங்கிய வில்லியம் ராத்ஜேயும் மாணவர்களும் பின்னாளில் கிடங்குகளைத் தோண்டியபோது, பல பத்தாண்டுப் பழைய செய்தித்தாள்கள் படிக்கக்கூடிய நிலையில் வெளியே வந்தன.

கொல்லைப்புறத்துத் தீ

இவ்வளவு கணக்குப் பார்க்கும் மாமா, தன் வீட்டுக் கொல்லையில் வாராவாரம் சருகைக் கூட்டித் தீ வைப்பவர். சருகு மட்டும் என்பார். நான் பார்க்கும்போதெல்லாம் அதில் நாலைந்து கவர்களும் கிடக்கும். கேட்டால், "அது என்ன பெரிய விஷயம், ஒரு பிடி" என்பார்.

அந்த ஒரு பிடிக்கும் கணக்கு இருக்கிறது, இந்த முறை அது கார்பன் கணக்கு அல்ல. உலையில் 850 டிகிரியில் குறைந்தது இரண்டு விநாடி புகை நிற்க வேண்டும் என்று ஐரோப்பிய விதி சொல்வது டையாக்சின் என்ற நச்சு சிதைவதற்காக. கொல்லைப்புறத் தீயில் சூடு போதாது, காற்றும் போதாது. புகை மெதுவாக ஆறும்போது டையாக்சின் உருவாவதற்குத் தோதான சூழல் முழுசாக அமைகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் பீப்பாயில் வீட்டுக் குப்பையை எரித்து அளந்து 2000இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தினமும் இப்படி எரிக்கும் வீடுகள் இரண்டிலிருந்து நாற்பதுக்குள் இருந்தாலே, நாளுக்குச் சுமார் 180 டன் எரிக்கும், புகை வடிகட்டும் வசதியுள்ள ஒரு நகர உலையின் டையாக்சின் அளவை எட்டிவிடும். இரண்டு வீடு! சருகு மட்டுமே எரிந்தாலும் கரிப்புகையும் நுண்துகளும் பக்கத்து வீட்டு மூக்குக்குத்தான் நேராகப் போகும். சருகை என் தொட்டிக்குக் கேட்டேன். எனக்குக் காய்ந்த பொருள் எப்போதும் பற்றாக்குறை, அவருக்குக் கொட்ட இடமில்லாத அளவுக்கு. இப்போது ஒரு சாக்கு வருகிறது. மீதியை எரிக்கிறாரா என்று நான் கேட்பதில்லை.

எந்தப் பக்கமும் சேராதவை

ஆக, எது நல்லது என்ற கேள்வியையே நான் விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பொருளுக்கு நல்லது, இன்னொன்றுக்குக் கேடு. எல்லா முறையையும் ஒரே அடியில் கெடுப்பது கலப்புதான். காகிதத்தில் ஈரம் ஒட்டினால் காகிதம் போச்சு, உரத்தில் பிளாஸ்டிக் துணுக்கு விழுந்தால் உரம் போச்சு, உலைக்குள் ஈரம் போனால் தீ போச்சு, கிடங்குக்குள் ஈரம் போனால் மீத்தேன். தென்கொரியா 2005இலேயே உணவுக் கழிவை நேரடியாகக் கிடங்கில் கொட்டத் தடை விதித்து, பின்னர் எடைக்கு ஏற்பக் கட்டணமும் வைத்தது இதனால்தான். பிரித்துக் கொடுத்தாலும் லாரியில் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்களே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஈரக்குப்பையை லாரிக்கே தராமல் வைத்துக்கொள்பவர்களுக்கு அந்தப் பிரச்சினை பாதி குறைகிறது, அவ்வளவே. அதற்கும் மேலே, மிச்சமாகும் உணவை மிச்சமாகாமல் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கணக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது. 2022இல் உலகில் வீணான 105 கோடி டன் உணவில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம்.

எந்தக் கட்டத்திலும் அடங்காமல் நிற்பது குழந்தைகளின் டயப்பரும் நாப்கினும்தான். ஈரமும் பிளாஸ்டிக்கும் பஞ்சும் நீரை உறிஞ்சும் பாலிமரும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக் கிடக்கின்றன. தொட்டியில் போட முடியாது. புதைத்தால் பஞ்சும் உள்ளே இருப்பதும் மீத்தேன் தரும், கிருமியும் இருக்கும். தூய்மைப் பணியாளர் அதைக் கையால் பிரிக்க வேண்டிய நிலை வேறு எதையும்விட மோசம். எரிஉலைக்கு எதிராக இவ்வளவு நேரம் எழுதிய நான், இதற்கு மட்டும் முறையான சூடும் புகை வடிகட்டியும் கொண்ட உலை வேண்டும் என்றுதான் சொல்வேன். எரித்தபின் பறக்கும் சாம்பலில் கன உலோகங்கள் சேரும், அதைப் பாதுகாப்பாகப் புதைக்க ஓர் இடமும் வேண்டும். உலை சிறியதாக இருக்கட்டும். பெரிதாகக் கட்டினால் இருபது, இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தத்துக்குத் தீனி போட வேண்டிவரும், அப்போது பிரிக்கும் வேலைக்கு யாரும் ஆர்வம் காட்ட மாட்டார்கள். எவ்வளவு சிறியது என்பதில்தான் இப்போது மாமாவுக்கும் எனக்கும் தகராறு. நனைந்த டயப்பர் எரிய எவ்வளவு எரிபொருள் ஊற்ற வேண்டும் என்பதில் என் எண்ணும் அவர் எண்ணும் பொருந்தவில்லை; ஈரத்தை நான் குறைத்துப் போட்டிருக்கிறேன் என்கிறார்.